பில்லோடு முடிய வேண்டிய செய்தி நாத்தனார் வீடு வரை போனது ஏன்?

கேள்வி: எனக்கு 41 வயது. கோவையில் சொந்தமாகப் பல் கிளினிக் நடத்துகிறேன். கிளினிக்குக்காக வாங்கிய வங்கிக் கடனின் கடைசித் தவணையைச் சென்ற ஆண்டுதான் கட்டி முடித்தேன். அந்த நிறைவில் பெங்களூரில் ஒரு வெளிநாட்டு பிராண்டு கடையில் 2,40,000 ரூபாய்க்கு ஒரு தோல் கைப்பை வாங்கினேன். கணவருக்கு மட்டும் தெரியும். அந்தக் கடையை எனக்கு அறிமுகப்படுத்தியவர் என் நாத்தனார். அடுத்த மாதம் அவர் அங்கே போனபோது, விற்பனைப் பெண் ஒரு பையை எடுத்துக் காட்டி, "உங்கள் அண்ணி போன மாதம் வாங்கிய அதே மாடல்தான், நிறம் மட்டும் வேறு" என்று சொல்லியிருக்கிறார். விலையையும் சொல்லிவிட்டார். நான் பையைத் தோளில் மாட்டியபடி கடையில் எடுத்துக்கொண்ட படத்தையும் தன் கைபேசியில் காட்டியிருக்கிறார். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் என் கொழுந்தனார் வீட்டு வேலைக்காக 3 லட்சம் கேட்டு, நான் மறுத்திருந்தேன். இப்போது மாமியார் வீட்டில் யாரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. கடை செய்தது தவறுதானா? புகார் செய்தால் அந்தப் பெண்ணுக்கு வேலை போய்விடுமோ என்று தயங்குகிறேன். இனி இப்படி எதையாவது வாங்கினால் யாருக்கும் தெரியாமல் வாங்க முடியுமா? மறைப்பதே தவறோ என்றும் சில நேரம் தோன்றுகிறது. பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்துவிட்டேன்.
வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடை செய்தது தவறுதான். உங்கள் கடிதத்தில் நான்கு கேள்விகள் இருந்தாலும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். ஏனென்றால், தவறு உங்கள் பக்கம் இருக்குமோ என்ற சந்தேகத்திலேயே கடிதம் முழுவதையும் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் வாங்கியது என்ன, எவ்வளவுக்கு, எந்த நாளில், யாரோடு வந்து வாங்கினீர்கள் என்ற நான்கும் உங்களுக்கும் கடைக்கும் இடையிலானவை. உங்களை அங்கே அழைத்துச் சென்றவர் நாத்தனார் என்பதால் அதில் அவருக்குப் பங்கு வந்துவிடாது.

நான் இந்தத் தொழிலுக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. காஞ்சிபுரம் காந்தி சாலையில் ஒரு பட்டுக் கடையில் சேலை விரித்துக் காட்டும் பெண்ணாகத் தொடங்கினேன். பிறகு பெங்களூரிலும் மும்பையிலும் உயர்விலை ஆடைக் கடைகளில் மேலாளராக இருந்தேன். இப்போது அத்தகைய கடைகளின் ஊழியர்களுக்குப் பயிற்சி தருகிறேன். காஞ்சிபுரத்தில் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவர் ஒருவர் இருந்தார். ஒரு நாள் ஓர் அம்மாள் பாயில் உட்கார்ந்து சேலை பார்த்துக்கொண்டே, "எங்கள் சம்பந்தி வீட்டார் போன வாரம் வந்தார்களாமே, முகூர்த்தப் புடவையை எவ்வளவில் எடுத்தார்கள்?" என்று சாதாரணமாகக் கேட்டார். பெரியவர் காதில் விழாதவர்போல் அடுத்த சேலையை உதறி விரித்தார். "இந்தக் கோர்வையைப் பாருங்கள் அம்மா, கரையும் உடலும் சேரும் இடம் விரலுக்குத் தட்டுப்படுகிறதா?" என்று கேட்டு, அவர் கையைப் பிடிக்காத குறையாகச் சேலையின்மேல் கொண்டுபோய் வைத்தார். அந்த அம்மாள் மறுபடியும் கேட்கவில்லை. அவர் போன பிறகு என்னைப் பார்த்துப் பெரியவர் சொன்னார்: "பில் போட்டுக் கொடுத்துவிட்டால் அது நம் கடைப் புடவை இல்லை, பாப்பா. இன்னொருவர் வீட்டுப் புடவையைப் பற்றி நாம் எப்படிப் பேசுவது?"

அந்தப் பெரியவர் எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனவர் அல்ல. ஊரில் எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு செலவானது என்று அவருக்குத் தெரியும். எந்த வீட்டில் பாதிப் பணத்தைக் கடனாக நிறுத்தி வைத்தார்கள் என்பதும் தெரியும். ஒன்றும் வெளியே வந்ததில்லை. மூன்று தலைமுறையாக அதே குடும்பங்கள் அவரைத் தேடி வந்ததற்கு அவருடைய சேலைகளின் தரம் மட்டும் காரணம் அல்ல என்று நம்புகிறேன்.

இனி உங்கள் விவகாரத்துக்கு வருகிறேன். கடைக்குள் நடப்பது தெரிந்தால் எதைத் தடுக்கலாம் என்பதும் தெரியும். இத்தகைய கடைகளில் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு குறிப்பு இருக்கும். கிளையன்ட் புக் என்று எங்கள் தொழிலில் சொல்வோம். முன்பு அது கறுப்பு அட்டை போட்ட நோட்டுப் புத்தகம். இப்போது கணினியிலும் கைபேசிச் செயலியிலும் இருக்கிறது. உங்கள் பிறந்த நாள், திருமண நாள், செருப்பு அளவு, பிடித்த நிறம், இதுவரை வாங்கியவை எல்லாம் அதில் ஏறும். எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று வைத்தவைகூட ஏறும். உடன் வந்தவர் யார், உங்களை அனுப்பி வைத்தவர் யார் என்பதற்கும் அதில் இடம் உண்டு. உங்கள் குறிப்பில் அறிமுகம் என்ற இடத்தில் நாத்தனார் பெயர் இருந்திருக்கும் என்பது என் ஊகம். ஒரு குடும்பத்தையே ஒரே விற்பனையாளரின் பொறுப்பில் விடுவது வழக்கம் என்பதால், உங்கள் இருவரையும் கவனித்தவர் அந்த ஒரே பெண்.

அறிமுகம் செய்தவரிடம் நன்றி காட்டுவது கடைப் பழக்கம். அதோடு இன்னொரு பழக்கமும் சேர்ந்துகொண்டது. தயங்கி நிற்கும் வாடிக்கையாளரிடம், "உங்களுக்குத் தெரிந்த இன்னார் இதைத்தான் வாங்கினார்" என்று சொன்னால் தயக்கம் விலகும். இதை ஊழியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற கடைகளே உண்டு. பயிற்சிக்குப் போகிற இடங்களில் நான் முதலில் பிடுங்கி எறிய முயல்வது இந்தப் பழக்கத்தைத்தான். மாதக் கடைசியில் விற்பனை இலக்கை எட்டுவதற்கு அந்த ஒரு வாக்கியம் கைகொடுக்கிறது. எத்தனை வீடுகளில் அது புகையைக் கிளப்பியது என்ற கணக்கு யாருக்கும் வந்து சேர்வதில்லை. உங்கள் நாத்தனாரிடம் அந்தப் பெண் கெட்ட எண்ணத்தில் பேசியிருக்க மாட்டார். உங்கள் வீட்டில் கடன் கேட்டதும் மறுத்ததும் அவருக்குத் தெரிய வழியில்லை. தெரியாது என்பதால்தான் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு வாடிக்கையாளரின் வீட்டில் எந்தச் சொல் எங்கே போய்க் குத்தும் என்று கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்கும் எங்களால் கணிக்க முடியாது.

படம் எடுத்தது தனித் தவறு. நீங்கள் ஒரு நினைவாக இருக்கட்டும் என்று ஒப்புக்கொண்டிருப்பீர்கள், அல்லது மறுக்கக் கூச்சப்பட்டிருப்பீர்கள். உங்கள் கைபேசியில் எடுத்துத் தந்திருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண் தன் சொந்தக் கைபேசியில் எடுத்து வைத்திருக்கிறார். நம் ஊர்க் கடைகளில் பலரும் வாடிக்கையாளரோடு பேசுவது தங்கள் சொந்த வாட்ஸ்அப்பில்தான். அவர்கள் வேலை மாறிப் போகும்போது எண்களும் படங்களும் கூடவே போகின்றன. அந்தப் படம் நாத்தனாருக்குக் காட்டப்பட்டதோடு நின்றதா, ஸ்டேட்டஸில் வந்ததா, விற்பனைக் குழுவில் பகிரப்பட்டதா என்று நீங்கள் கேட்க வேண்டும். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்து வைத்துக்கொண்டு பேசினால் குரலில் நடுக்கம் இருக்காது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், நேர்மையற்ற வணிக நடைமுறைகள் எவை என்று பிரிவு 2(47)-இல் வரிசைப்படுத்துகிறது. நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த சொந்த விவரத்தைச் சட்டம் அனுமதிக்காத வகையில் இன்னொருவருக்கு வெளிப்படுத்துவதும் அந்த வரிசையில் இருக்கிறது. 2023-இல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறவும், விவரங்களை அழிக்கச் சொல்லவும் அது வழி செய்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. ஆனால், நிறுவனங்கள் மீதான பெரும்பாலான கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வருகின்றன.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா என்றால், நான் வேண்டாம் என்பேன். வாய்ச்சொல்லாக வெளிவந்த விஷயத்தை நிரூபிக்க உங்கள் நாத்தனாரையே சாட்சியாக அழைக்க வேண்டியிருக்கும். இப்போது மூடியிருக்கும் கதவு அதற்குப் பிறகு திறக்காது. கடைக்கு எழுதுங்கள், அது போதும். தொலைபேசியில் பேசாதீர்கள், அந்தப் பெண்ணின் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பாதீர்கள். கடை மேலாளருக்கு மின்னஞ்சலில் எழுதி, அந்த பிராண்டின் இந்திய வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் நகல் அனுப்புங்கள். கோபத்தைக் காட்டாமல், ஏறக்குறைய இப்படி எழுதலாம்:

"இன்ன தேதியில் உங்கள் கடையில் நான் ஒரு பொருள் வாங்கினேன். அந்தச் செய்தியையும் விலையையும் என் படத்தையும் உங்கள் ஊழியர் என் அனுமதி இல்லாமல் வேறொரு வாடிக்கையாளரிடம் வெளிப்படுத்தியிருக்கிறார். இதனால் என் குடும்பத்தில் மனவருத்தம் ஏற்பட்டிருக்கிறது. என் படத்தை அது இருக்கும் எல்லா இடங்களிலிருந்தும் அழித்துவிட்டு, அழித்ததை எழுத்தில் உறுதி செய்யுங்கள். என் குறிப்பிலிருந்து என்னை அறிமுகம் செய்தவரின் பெயரை நீக்குங்கள். நான் வாங்குவது எதையும் உறவினர் உட்பட எவரிடமும் பேசக் கூடாது என்று அதில் பதிவு செய்யுங்கள். இனி என்னை மின்னஞ்சலில் மட்டும் தொடர்புகொள்ளுங்கள். அந்த ஊழியர் தண்டிக்கப்பட வேண்டும் என்பது என் நோக்கம் அல்ல. இது மறுபடி நடக்காதபடி கடை முழுவதற்கும் சொல்லித் தர வேண்டும் என்பதே என் கோரிக்கை."

கடைசி இரண்டு வாக்கியங்களையும் விட்டுவிடாதீர்கள். வாடிக்கையாளரே இப்படி எழுதித் தந்த பிறகு அந்தப் பெண்ணை வேலையை விட்டு அனுப்ப எந்த மேலாளரும் யோசிப்பார். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட புகார்கள் எச்சரிக்கையோடும் மறுபயிற்சியோடும் முடிந்திருக்கின்றன. நீங்கள் பேசாமல் இருந்துவிட்டால்தான் அந்தப் பெண்ணுக்கு ஆபத்து. தான் செய்தது தவறு என்று தெரியாமலே இதையே தொடர்வார். ஒரு நாள் இதைவிடப் பெரிய விபரீதத்தில் போய் மாட்டிக்கொள்வார். இரண்டு வாரத்தில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யலாம். உயர்விலை பிராண்டுகள் தங்கள் பெயருக்கு அஞ்சுகிறவை. பெரும்பாலும் அந்த நிலை வராது.

அடுத்த முறை எப்படி வாங்குவது? கடைக்குள் நுழைந்ததுமே, பொருளைப் பார்ப்பதற்கு முன், "நான் வாங்குவதைப் பற்றி யாரிடமும் பேச வேண்டாம், என் குறிப்பில் அப்படியே எழுதிவிடுங்கள்" என்று சொல்லிவிடுங்கள். நம் பெண்கள் இதைச் சொல்லக் கூசுகிறார்கள். எதையோ ஒளிப்பதாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பக்கம் நின்ற என்னை நம்புங்கள். நல்ல விற்பனையாளர் இதை நொடியில் புரிந்துகொள்வார். இப்படிச் சொல்லும் வாடிக்கையாளரிடம் அவருக்கு மரியாதைதான் கூடும். தாயின் அறுபதாம் ஆண்டுக்கு ரகசியமாகப் பரிசு வாங்கும் மகனும் இதைத்தான் சொல்கிறார், விவாகரத்து வழக்கு நடக்கும் வீட்டிலிருந்து வரும் பெண்ணும் இதைத்தான் சொல்கிறார். காரணத்தைக் கேட்பது எங்கள் வேலை அல்ல.

உறவினரைக் கவனிக்கும் விற்பனையாளரிடம் போகாதீர்கள். வேறொருவர் வேண்டும் என்று கேட்டால் தருவார்கள். கூட்டம் குறைவான வார நாள் காலையில் முன்பதிவு செய்துகொண்டு போகலாம். தனி அறை இருக்கிறதா என்று கேளுங்கள், பல கடைகளில் உண்டு. பிராண்டு பெயர் பெரிதாக அச்சிட்ட காகிதப் பையோடு ரயிலில் கோவை வரை வர வேண்டிய அவசியம் இல்லை. பெயரில்லாத பை கேட்டு வாங்குங்கள். வீட்டுக்கு அனுப்பச் சொன்னால் பெட்டி வாசலில் யார் கையில் கிடைக்கும் என்று யோசித்து, கிளினிக் முகவரியைக் கொடுங்கள்.

கைபேசி எண் விஷயத்தில் நம் குடும்பங்களுக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. புள்ளிகள் சேர வேண்டும் என்பதற்காக மளிகைக் கடை முதல் நகைக்கடை வரை வீடு முழுவதும் ஒரே எண்ணைச் சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த எண்ணைத் தட்டினால் மாமியார் வாங்கிய வளையலும் மருமகள் வாங்கிய கைப்பையும் திரையில் வரிசையாக வந்து நிற்கும். அடுத்து வருகிறவர் பில் போடும்போது, "போன முறை வாங்கியது நன்றாக இருக்கிறதா?" என்று கேஷியர் அன்போடுதான் கேட்பார். உங்கள் சொந்த எண்ணை மட்டும் கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள். எண் தராவிட்டால் பில் போட மாட்டோம் என்று வற்புறுத்தக் கூடாது என 2023 மே மாதத்திலேயே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை சில்லறை வணிகர்களுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. அதைப் போலவே, கணவரின் கணக்கோடு சேர்ந்த கூடுதல் கடன் அட்டையில் வாங்கினால் செய்தியும் மாதக் கணக்கும் அவருக்குப் போகும். உங்கள் வீட்டில் அது சிக்கல் இல்லை. எல்லா வீடும் அப்படி இல்லை என்பதால் இதை மற்ற வாசகிகளுக்காகச் சொல்கிறேன்.

மறுக்கக் கூடாத விவரங்களும் உண்டு. 50,000 ரூபாய்க்கும் அதற்கு மேலும் உள்ள ஜிஎஸ்டி பில்லில் வாங்குபவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். இரண்டு லட்சத்துக்கு மேல் பான் எண் கேட்கும் விதி 2016 ஜனவரியில் வந்தது. 2025 ஏப்ரல் 22 முதல், 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைப்பை, கைக்கடிகாரம் போன்ற ஆடம்பரப் பொருள்களுக்குக் கடைக்காரர் ஒரு சதவீத வரியையும் சேர்த்து வசூலிக்கிறார். அந்த வரி உங்கள் பான் கணக்கில் வரவு வைக்கப்படும். வருமான வரிப் படிவத்தைத் தயாரிக்கும் ஆடிட்டர் கண்ணில் அது படும். உங்கள் ஆடிட்டர் உறவினராக இருந்தால் இதையும் யோசித்துக்கொள்ளுங்கள். இதற்குப் பயந்து, "இரண்டு பில்லாகப் பிரித்துப் போட்டுவிடலாம் மேடம்" என்று கடையில் யாராவது சொன்னால் ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். உறவினர்களிடம் சொல்லாமல் இருப்பது உங்கள் உரிமை, வரித்துறையிடம் மறைப்பது அப்படி அல்ல. பான் எண்ணை பில் போடும் இடத்தில் எழுதிக் கொடுத்தால் போதும். அட்டையைப் படம் பிடித்து விற்பனையாளரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பாதீர்கள்.

எந்த விவரத்தைக் கொடுத்தாலும், அது ஒரு நாள் வெளியே போகலாம் என்று நினைத்தே கொடுங்கள். 2025 செப்டம்பரில் குச்சி (Gucci), பலென்சியாகா, அலெக்சாண்டர் மெக்குயின் பிராண்டுகளை நடத்தும் கெரிங் குழுமத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடு போன செய்தி வந்தது. வங்கி விவரங்கள் போகவில்லை என்று நிறுவனம் சொன்னது. ஆனால் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணோடு ஒவ்வொருவரும் கடைகளில் மொத்தம் எவ்வளவு செலவு செய்தார்கள் என்பதும் போயிருந்தது. எங்கள் தொழிலில் இருப்பவர்களை அந்தக் கடைசி விவரம்தான் உலுக்கியது. அதிகம் செலவழிப்பவர் யார், அவர் வீடு எங்கே என்று ஒரே வரியில் எழுதி வைத்த பட்டியல் திருடன் கையில் கிடைத்திருக்கிறது. அதை எழுதி வைத்தவர்கள் நாங்கள்தான். பிறந்த நாளும் திருமண நாளும் பிள்ளைகளின் பெயரும் கேட்டால், "வேண்டாமே" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம். பொருளை விற்க அவை தேவையில்லை.

உடை மாற்றும் அறையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பேச்சு வந்துவிட்டது. 2015-இல் கோவாவில் ஒரு துணிக்கடையில், உடை மாற்றும் அறையை நோக்கிக் கேமரா இருப்பதை மத்திய அமைச்சர் ஒருவரே கண்டுபிடித்துச் சொன்னபோது நாடே பேசியது. பெண் தனிமையில் இருக்கும்போது பார்ப்பதும் படம் எடுப்பதும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவின்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அங்கே சந்தேகம் வந்தால் மேலாளரிடம் பேசி நேரத்தை வீணாக்காமல் போலீசை அழையுங்கள்.

கேமராவைவிட என்னை அதிகம் வருத்தியது வேறொரு சம்பவம். சென்னையில் மணப்பெண் ஆடைகள் தைக்கும் ஒரு பொட்டிக்கில் பயிற்சிக்காகப் போயிருந்தேன். மகள் கல்யாணத்துக்காக ஆரி வேலைப்பாட்டு ரவிக்கை தைக்க ஓர் அம்மா வந்திருந்தார். அளவு எடுத்த பெண் நாடாவைப் பிடித்தபடி ஒவ்வோர் எண்ணாக உரக்கச் சொல்ல, நாலடி தள்ளி மேசையில் ஒரு பையன் எழுதிக்கொண்டிருந்தான். திரைக்கு இந்தப் பக்கம் சோபாவில் மூன்று வாடிக்கையாளர்கள். திடீரென்று உள்ளேயிருந்து, "மேடம், ஒரு பக்கம் அளவு வேறுபடுகிறதே, சரியாக நிற்கிறீர்களா?" என்ற குரல் கேட்டது. அந்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை நடந்திருந்தது. சம்பந்தி வீட்டில்கூட யாருக்கும் சொல்லவில்லை. சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் சம்பந்தி வீட்டு உறவு. அம்மா வெளியே வந்தபோது முந்தானையை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார். முன்பணம் கொடுத்த ரசீதைக்கூட வாங்காமல் படியிறங்கிப் போனார். பின்னாலேயே ஓடினேன். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்த அவரிடம் என்ன சொல்வது என்று தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து நான் பயிற்சி தரும் எந்தக் கடையிலும் அளவைச் சொல்லக் கூடாது. எடுப்பவரே சீட்டில் எழுத வேண்டும். சீட்டின் மேல் பெயர் கூடாது, பில் எண் மட்டும்தான் இருக்க வேண்டும். இதற்குச் சம்மதிக்காத கடைக்கு இரண்டாம் நாள் போவதில்லை. உங்களுக்கும் எப்போதாவது அளவை உரக்கச் சொன்னால், "எழுதிக்கொள்ளுங்கள், சொல்ல வேண்டாம்" என்று நிறுத்துங்கள்.

இனி, மறைப்பது தவறா என்ற உங்கள் கேள்வி. உங்கள் சம்பாத்தியத்தில், கடனை எல்லாம் அடைத்த பிறகு, கணவருக்குத் தெரிந்து வாங்கியிருக்கிறீர்கள். இதைக் குடும்பம் முழுவதற்கும் அறிவிக்காமல் இருந்தது மறைப்பதில் சேராது. உங்கள் கிளினிக்குக்கு வரும் நோயாளி யாருக்கு எத்தனை பல் கட்டினீர்கள் என்று நீங்கள் வீட்டில் சொல்வதில்லை அல்லவா?

ஆனால் ஒன்றை மட்டும் உங்களிடமே கேட்க விரும்புகிறேன். கொழுந்தனார் கேட்டபோது, "தர இயலாது" என்றீர்களா, "என்னிடம் பணமே இல்லை" என்றீர்களா? முதலாவதாக இருந்தால் நீங்கள் யாருக்கும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவர் அல்ல. கடன் கொடுப்பதும் கொடுக்காததும் உங்கள் விருப்பம், அந்தப் பணத்தில் பை வாங்கினீர்களா நிலம் வாங்கினீர்களா என்பது வேறு பேச்சு. இரண்டாவதாக இருந்தால், அவருடைய மனத்தில் தைத்திருப்பது பையின் விலை அல்ல, அந்தச் சொல். அதைக் கடையால் சரி செய்ய முடியாது. நீங்கள்தான் கொழுந்தனாரைத் தனியாகப் பார்த்து, "இல்லை என்று சொல்லியிருக்கக் கூடாது, தர முடியாது என்று நேராகச் சொல்லியிருக்க வேண்டும்" என்று பேச வேண்டும். பையைப் பற்றி அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையும் வேண்டாம். மாமியாரிடம் உங்கள் கணவர் பேசட்டும். கடனைக் கட்டி முடித்த நிறைவில் மனைவி தனக்காக வாங்கியது அது என்று அவர் வாயால் சொன்னால் அந்த வீட்டில் அதற்கு வேறு எடை உண்டு. நாத்தனாரிடம் கோபப்படாதீர்கள். அவர் கேட்டு வாங்கிய செய்தி அல்ல. கவுன்ட்டரில் நின்றபடி, எதிர்பாராமல் காதில் விழுந்தது. வீட்டுக்கு வந்து சொன்னது அவருடைய பலவீனம்தான், ஆனாலும் நம்மில் எத்தனை பேர் சொல்லாமல் இருந்திருப்போம்?

கடைசியாக, பையைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இன்றே எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் தங்கும். மழைக்காலம் வந்தால் தோலில் பூசணம் பிடிக்கும், பிறகு எவ்வளவு துடைத்தாலும் அதன் கறை முழுமையாகப் போகாது. மெல்லிய பருத்தித் துணியால் உலரத் துடைத்து, வெயில் நேராக விழாத காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் வையுங்கள். உள்ளே அச்சில்லாத வெள்ளைக் காகிதத்தைக் கசக்கி நிரப்பினால் வடிவம் கெடாது. அதோடு தந்த துணிப்பையில் போட்டு, கை எட்டும் தட்டில் வையுங்கள். தோல் பைகள் எடுத்துப் புழங்கப் புழங்கத்தான் நன்றாக இருக்கும். வாரத்தில் ஒரு நாளாவது கிளினிக்குக்கு அதையே எடுத்துக்கொண்டு போங்கள்.